போர் இல்லாத நாளில் வர்மக் கலை

வர்மம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு 1996-இல் வெளிவந்த 'இந்தியன்' படத்தின் சேனாபதித் தாத்தாதான் நினைவுக்கு வருவார். இரண்டு விரலை மடக்கி ஒரு குத்து. எதிரில் நிற்பவர் கை கால் விளங்காமல் விழுவார். 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' நோக்கு வர்மத்தைக் காட்டியது. 2020-இல் வந்த 'பட்டாஸ்' அடிமுறையைக் காட்டியது. மூன்று படங்களும் ஓடின. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கலை இருந்ததாவது தெரிந்தது; அந்த அளவில் மகிழ்ச்சியே. ஆனால் மூன்றிலும் நாம் பெரிதாகப் பார்த்தது சண்டையை. அந்தக் கலை உண்மையில் உயிர் பிழைத்து வந்த ஊர்களில் அது சண்டைக்குப் பயன்பட்ட நாட்கள் மிகக் குறைவு. மற்ற நாட்களில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஊர் என்று நான் சொல்வது திருவனந்தபுரத்திற்குத் தெற்கே நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று தொடர்ந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டைத் தொடும் நிலப்பகுதி. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதையில் வந்தவர்கள் அமரவிளை என்ற சிறு நிறுத்தத்தைப் பார்த்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் வந்தவர்களுக்கு அமரவிளைச் சோதனைச் சாவடி தெரிந்திருக்கும். அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு நடுவே விழுந்ததே தவிர, இரு பக்கத்து ஆசான்மாரின் கலை ஒன்றுதான். அதற்குத் தெற்கன் களரி என்றும், அடிமுறை என்றும், வர்ம அடி என்றும் பெயர்கள் உண்டு.

வடக்கன் களரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலபாரில் மெய்ப்பயிற்சி முதலில், பிறகு கம்பு, பிறகு வாள் முதலிய இரும்பாயுதங்கள், வெறுங்கை கடைசியில். தெற்கே வெறுங்கையிலேயே தொடங்குகிறார்கள். அங்கே பரசுராமர், இங்கே அகத்தியர். அங்கே ஆயுர்வேதம், இங்கே சித்த மருத்துவம். நமக்கு முக்கியமான இன்னொன்று: தெற்கன் முறையின் வர்ம நூல்கள் தமிழ்ப் பாடல்களாக ஓலையில் எழுதப்பட்டவை. வீட்டில் மலையாளம் பேசும் ஆசானும் வர்மத்தின் பெயரைச் சொல்லும்போது தமிழில்தான் சொல்லவேண்டும்.

சொற்களிலிருந்து தொடங்குவோம்

வர்மம் என்பது வடமொழி மர்மம் என்பதன் தமிழ் வடிவம். உடலில் அடி பட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு வரும் இடம். தமிழ் வர்ம நூல்களில் பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு 108. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். 'படு' என்றால் விழுந்து போதல் என்று கொள்ளலாம், ஆபத்து மிகுந்தவை. கொண்டைக்கொல்லி, திலர்த காலம், நட்சத்திர காலம், செவிக்குற்றிக் காலம் என்று பெயர்கள் வரும். திலர்தம் என்பது நெற்றித் திலகம் இடும் இடம். செவிக்குற்றி காதருகே. பெயரே இடத்தைக் காட்டிவிடும். மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அது பெரிய உதவி.

அடுத்த சொல் அடங்கல். ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அடங்கல் என்றால் கிராமக் கணக்குப் புத்தகம்; இங்கே அது வேறு. வர்மம் கொண்டு மயங்கிக் கிடப்பவரை எழுப்புவதற்காகத் தட்டவோ அழுத்தவோ வேண்டிய இடம் அடங்கல். வர்மம் கொண்ட உடலைத் தளர்த்தி மீட்கும் செயலுக்கு இளக்கு முறை என்று பெயர். இளக்குதல் என்றால் இறுகியதை நெகிழ்த்துதல். அடி கட்டிப்போடுகிறது, இளக்கு அவிழ்த்துவிடுகிறது.

மூன்றாவது சொல் மாத்திரை. இந்த ஒரு சொல்லைக் கொண்டு பிள்ளைகளுக்கு அரை மணி நேரப் பாடமே நடத்தலாம். இலக்கணத்தில் மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்துக் கடையில் மாத்திரை என்றால் உருண்டையாகவோ வில்லையாகவோ அளந்து தரும் மருந்து. வர்மத்தில் மாத்திரை என்றால் விரல் செலுத்தும் விசையின் அளவு. கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை. மூன்றிலும் உள்ள பொதுக் கருத்து அளவு என்பதே.

இந்த மாத்திரைதான் கலையின் உயிர்நாடி என்பது என் எண்ணம். இடம் ஒன்று, விரல் ஒன்று, ஆள் ஒருவர். ஒரு மாத்திரை போனால் கேடு, கால் மாத்திரை போனால் மருந்து. ரயில் தொழிலில் இருந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பழைய வாக்குவம் பிரேக்கில் எஞ்சினில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பாதரச அளவு வெற்றிடம் நிற்கும். ஓட்டுநர் அதைச் சிறிதளவு குறைத்தால் வண்டி நயமாக வேகம் தணியும். பயணியின் தம்ளர் காபி சிந்தாது. அதே கைப்பிடியை முழுக்கத் திருப்பி வெற்றிடத்தை ஒரேயடியாக விட்டால் அவசர நிறுத்தம். கைப்பிடி அதே கைப்பிடி, குழாய் அதே குழாய். ஓட்டுநரைத் தயார் செய்ய நாங்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டது கைப்பிடி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக அல்ல.

நான்காவது சொல் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், 60 நாழிகை ஒரு நாள். இன்ன வர்மம் கொண்டால் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று வர்ம நூல்கள் கெடு வைக்கும்.

பகடை விளையாட்டில் வரும் அதே கேள்வி

வெளிநாட்டில் இருக்கும் பல குடும்பங்களில் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இருபது முகப் பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுகிறார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது அதில் முதலாவது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்கும். நடுவராக ஒருவர் கதையை நடத்துவார். வீரனுடைய ஆற்றல்களுக்கு விதிப் புத்தகத்தில் கணக்கு உண்டு: எத்தனை அடி தூரம், எத்தனை பகடை சேதம். இன்றைய பதிப்புகளில் சண்டையின் ஒரு சுற்று 6 வினாடி. பிள்ளைகள் உடனே கேட்கும் கேள்வி இதுதான்: "சண்டை இல்லாதபோது இந்த ஆற்றலை என்ன செய்வது? தீயை எறியத் தெரிந்தவன் அடுப்புப் பற்றவைக்கலாமா?" புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்காது. நடுவர் தீர்மானிக்க வேண்டும்.

பெரியவர்கள் இதை வீண்பொழுது என்று தள்ளிவிட வேண்டாம். மிக நல்ல கேள்வி அது. தெற்கன் களரி பல தலைமுறையாக இந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்லி வந்திருக்கிறது. விளையாட்டு 6 வினாடியில் கணக்கிடுகிறது. ஆசான் நாழிகையில் கணக்கிட்டார். ஏனெனில் அடி ஒரு நொடியில் முடிந்துவிடும், ஆளை எழுப்புவதற்குத்தான் நேரம் வேண்டும்.

சண்டை எப்போது போயிற்று?

வேணாட்டிலும் திருவிதாங்கூரிலும் ஒரு காலத்தில் வாளுக்கும் கைக்கும் வேலை இருந்தது. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரத்தைக் காட்டுவார்கள். எதிரிகள் துரத்தியபோது இளவரசராக இருந்த மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஊர் வழக்கு. அவரே 1729 முதல் 1758 வரை ஆண்டவர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். அந்தப் போரில் பிடிபட்ட டி லனாய் பின்னர் அவருக்கே படைத்தலைவராகி, ஐரோப்பிய முறையில் துப்பாக்கியும் பீரங்கியும் கொண்டு படையைப் பழக்கினார். 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி தோற்றபின் நாட்டுப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. விரலால் ஆளை வீழ்த்தத் தெரிந்தவனுக்கு அரசாங்கத்தில் வேலை இல்லை.

ஆனால் ஊரில் வேலை இருந்தது. பனை இருந்ததல்லவா!

இந்தப் பகுதி பனையும் தென்னையும் நிறைந்த பகுதி. காலையும் மாலையும் பனையேறிப் பதநீர் இறக்கியவர்கள் ஏராளம். கால் தளை அறுந்தாலோ, மழையில் தடி வழுக்கினாலோ விழுவதுதான். மரத்திலிருந்து விழுந்தவரை அன்று ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? களரி ஆசான் வீடுதான் பக்கம். வர்ம சாத்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறது: பகைவன் அடித்தால் மட்டுமல்ல, விழுந்தாலும், இடித்தாலும், சுமை தாங்காமல் பிடித்தாலும் அந்த இடத்தில் வர்மம் கொள்ளும் என்கிறார்கள். போர்க்களத்துக்கு எழுதிய ஏடு, ஒரு வரியும் மாற்றாமல், பனங்காட்டுக்குச் செல்லுபடியாயிற்று. மாட்டு வண்டி கவிழ்ந்தவர், கல்லுடைப்பவர், நெல் மூட்டை சுமந்தவர் எல்லாரும் வந்தார்கள். தண்டவாளமும் ஸ்லீப்பரும் தூக்கி முதுகு பிடித்த எங்கள் கேங் தொழிலாளர்களும், விடுமுறை நாளில் இளக்கி எண்ணெய் தடவிக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்கு வந்ததுண்டு.

ஆசான் என்ன செய்வார்? முதலில் பார்ப்பார், நாடி பிடிப்பார், எப்படி விழுந்தான் என்று உடன் வந்தவரைக் கேட்பார். மயக்கமாக இருந்தால் அடங்கல். எலும்பு முறிந்திருந்தால் இழுத்துப் பொருத்தி, முட்டை வெண்கரு, உளுந்து மாவு போன்றவற்றில் நனைத்த துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். பிறகு வாரக்கணக்கில் தைலம். அதோடு தொக்கணம். சித்த மருத்துவம் தொக்கணத்தை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஒன்றிரண்டைத் தவிர மற்றவை எல்லாம் மல்யுத்தக்காரனும் செய்வதுதான்! எதிரியின் கையை முறுக்கக் கற்ற அதே கை, பிடிப்பு விழுந்த கையை முறுக்கி விடுகிறது.

அடி தெரிந்தவனுக்கு அடங்கல் தெரியாவிட்டால் அவன் ஆசான் அல்ல என்பது களரி மரபு. ஆகவேதான் மாணவன் ஒற்றைச் சுவடும் கூட்டச் சுவடும் கற்றபின்னும் வர்மத்தை உடனே காட்ட மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு என்று சொல்வார்கள். அத்தனை ஆண்டும் பையனுக்குக் கோபம் வருகிறதா, ரகசியம் காக்கிறானா என்று பார்த்திருப்பார்கள். பகடை விளையாட்டின் நடுவர் வேலையை இங்கே ஆசான் செய்தார்.

மற்ற நாட்டாரும் இதையே செய்தனர்

சுசுருதரின் நூலில் மர்மம் 107. அதில் உடனே உயிர் போக்குபவை 19, காலம் கடந்து போக்குபவை 33, ஊனமாக்குபவை 44, வலி மட்டும் தருபவை 8. மீதி 3 வியப்பானவை: அங்கே அம்பு தைத்து நிற்கும்வரை ஆள் பிழைத்திருப்பான், அம்பைப் பிடுங்கினால் போய்விடுவான். போர்க்களத்தில் நின்று பார்த்த ஒரு வைத்தியன்தான் இதை எழுதியிருக்க முடியும். இன்றைய முதலுதவிப் பாடத்திலும், உடலில் குத்தி நிற்கும் பொருளை ஆஸ்பத்திரி போகும்வரை பிடுங்காதே என்றுதான் சொல்லித் தருகிறார்கள்.

நவீன மருத்துவத்திலிருந்தே இன்னொரு எடுத்துக்காட்டு. கழுத்தின் பக்கத்தில் மூளைக்கு ரத்தம் போகும் பெரிய நாளம் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே பலமாக அடிபட்டால் நாடி தளர்ந்து மயக்கம் வரும். ஜூடோக்காரரின் கழுத்துப் பிடி அந்த வட்டாரத்தில்தான் வேலை செய்கிறது. அதே இடத்தை இருதய வைத்தியர் சில விநாடி அளவோடு தேய்த்து, கட்டுமீறி ஓடும் ஒருவகை இதயத் துடிப்பை நிறுத்துவதுண்டு. முதியவர்களுக்கு அதனால் பக்கவாதம் வரலாம் என்பதால் எல்லாருக்கும் செய்யமாட்டார்கள். யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்கக்கூடாது. ஒரே இடம், மாத்திரை வேறு.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய ஜூடோவிலும், அதற்கு முந்தைய ஜூஜுட்சுவிலும் மயங்கியவனை எழுப்பும் வித்தையும் மூட்டுப் பொருத்தும் வித்தையும் சேர்ந்தே இருந்தன. அந்த அரசு 1920-இல் அவர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுத்தது. 1970-இல் தனிச் சட்டமே செய்தது. இன்றும் அங்கே ஜூடோ வழி மூட்டு வைத்தியர்கள் பலகை மாட்டித் தொழில் செய்கிறார்கள். நம் மலபாரிலும் களரி உழிச்சிலும் மெய்ப்பழக்கமும் கதகளி மேடைக்குப் போயின. 1930-இல் வள்ளத்தோள் நிறுவிய கலாமண்டலத்தில் கதகளி மாணவன் இன்றும் உழிச்சில் பெறுகிறான். சண்டையின் உடம்பு அங்கே அபிநயத்துக்குப் பயன்படுகிறது.

நம்பத் தக்கதும் தகாததும்

வர்மம் பற்றிச் சொல்லப்படுவதை எல்லாம் நான் ஏற்கவில்லை என்பதையும் எழுதவேண்டும். பார்வையாலேயே ஆளை வீழ்த்துவது சினிமாவுக்கு நன்று. இன்று தொட்டால் நாற்பது நாள் கழித்து இறப்பான் என்பதை யாரும் சோதித்து நிறுவியதில்லை. மற்றபடி, வர்ம இடங்கள் பல, நரம்பும் நாளமும் தோலுக்கு அருகே வரும் இடங்கள், மூட்டுகள், எலும்புக் காப்பு இல்லாத மென்மையான இடங்கள். அங்கே அடிபட்டால் கேடு வரும் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. எந்த அளவு அழுத்தினால் நலம் வரும் என்பதை முறையாக ஆராயவேண்டும். சித்த மருத்துவப் பட்டப் படிப்பில் வர்மம் ஒரு பாடமாகவே இருக்கிறது. எல்லைக்கு இந்தப்பக்கம் முஞ்சிறையில் ஒரு சித்த மருத்துவக் கல்லூரி உண்டு.

ஆனால் பட்டம் இல்லாத பரம்பரை ஆசானின் நிலை வேறு. 2018 ஏப்ரல் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் வைத்தியத் தொழில் செய்யமுடியாது என்று தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்பை நோக்கினால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. கைராசி என்று நம்பிப் போய்க் கையை இழந்தவர்களும் உண்டு. ஆயினும் ஜப்பான் 1920-இல் திறந்த வாசல் போல ஒன்றை நாமும் திறந்து, கையில் கலை உள்ளவரைத் தேர்வுக்கு அழைத்திருந்தால், இரண்டும் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய கவலை மொழி. அமரவிளைப் பக்கத்து ஆசானின் பேரன் படிப்பது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ. தாத்தாவின் ஏடு தமிழில் இருக்கிறது. மும்பையில் இருக்கும் நம் பிள்ளைக்கும் டொராண்டோவில் இருக்கும் நம் பிள்ளைக்கும் உள்ள அதே சங்கடம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் இடம் மாறும். இடம் மாறினால் மருந்து அடியாகும். வீட்டுப் பரணில் ஏடு வைத்திருக்கும் அன்பர்கள், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக ஓலைச்சுவடி நூலகத்திலோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ காட்டிப் படி எடுத்து வைப்பது நன்று. எண்ணெய் தடவுகிறேன் என்று தாமாக ஒன்றும் செய்துவிட வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

மேலே சொன்ன பகடை விளையாட்டு ஆடும் பிள்ளைகள், அடுத்த முறை 'ஆசான்' என்று ஒரு பாத்திரம் படைத்துப் பார்க்கட்டும். விதி மூன்று போதும். ஒரு அடியைக் கற்குமுன் அதன் அடங்கலைக் கற்றிருக்க வேண்டும். எந்த ஆற்றலையும் கால், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு மாத்திரையில் பயன்படுத்தலாம். எந்த மாத்திரை என்பதைப் பகடை உருட்டுமுன் தமிழில் சொல்ல வேண்டும். சண்டைக்கு வெளியே நேரத்தை நாழிகையில்தான் எண்ண வேண்டும். நடுவர் ஒரு சண்டைக்கு மூன்று விபத்தாவது கதையில் வைக்கட்டும்: மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் வழுக்கியவர், சுமையால் முதுகு பிடித்தவர்.

நாழிகைக் கணக்குக்கு இரண்டு கேள்விகள். 2½ நாழிகை ஒரு மணி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் காகிதம் வேண்டாம். கதையில் காலை 6 மணிக்குப் பனையிலிருந்து விழுந்தவருக்கு 7½ நாழிகை கெடு. ஆசான் எத்தனை மணிக்குள் வந்து சேரவேண்டும்? ஆசான் 12 மைல் தூரத்தில் இருக்கிறார், மாட்டு வண்டி மணிக்கு 3 மைல் போகும், செய்தி சொல்லப் போன குதிரைக்காரன் ஒரு மணி நேரத்தில் அவரை அடைந்துவிட்டான். ஆசான் வண்டியில் கிளம்பினால் நேரத்துக்கு வருவாரா, குதிரையைக் கேட்டு வாங்கவேண்டுமா? விடை முதல் கேள்விக்கு 9 மணி. இரண்டாவதைப் பிள்ளைகளே போடட்டும். இது விளையாட்டுக் கணக்கு. நேரில் யாராவது உயரத்திலிருந்து விழுந்தால் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.